இறக்காத பாய்

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, இராமேசுவரம் தீவின் வடகரைக் கிராமமொன்றில், மாதா சப்பரத்தின் பின்னே கட்டவேண்டிய ஒன்பது முழத் துணியைப் பார்வையிட விழாக்குழுவினர் ஐவர் கோவிலுக்கு வந்தனர். துணியில் கடலைத் தீட்டியவள் லூர்து மேரி. வழக்கமாகத் தீட்டும் மதுரை ஓவியர் நோயில் படுத்துவிட்டதால், பங்குச் சாமியார் அவளிடம் ஒப்படைத்த முதல் வேலை அது.

துணியில் மேற்கு வானம் கறுத்துக் கிடந்தது. அதன் கீழே மீன்பிடிக்கப் போகும் பாய்மர வல்லம் ஒன்று, முழுப் பாயையும் விரித்தபடி.

ஐவரும் அதை அடையாளம் கண்டுகொண்டனர். 1976இல் அவள் கணவர் சவேரியாரோடு கடலில் மூழ்கிப்போன வல்லம். கடலில் போனவரின் தவற்றை அந்தக் கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘கடல் எடுத்துக்கிருச்சு’ என்பதோடு நிறுத்திக்கொள்வர். சவேரியாரின் சாவுக்கு மட்டும் ஒரு காரணம் கிடைத்திருந்தது: வல்லத்தின் முன்புறமான அணியத்தில் மீன் வரைந்தது ஒரு பெண்ணின் கை. பதினைந்து ஆண்டுகளாக எந்த வல்லக்காரனும் அவளைத் தன் பலகையைத் தொடவிட்டதில்லை.

குழுத் தலைவன் யேசுதாஸ், சவேரியாரின் தம்பி. அன்று அதே வல்லத்தில் போய், உடைந்த பலகையைப் பற்றிக் கரை சேர்ந்தவன்.

“இம்புட்டு மேகத்துல எவன் மதினி பாயை ஏத்துவான்? தப்பாப் போட்டுட்டீக. அழிச்சிட்டு வெறும் பாய்மரத்தை நிறுத்துங்க.”

“ஏத்துனவரைக் கட்டிக்கிட்டவ நான். எனக்குத் தெரியாதா?”

“வெயிலடிக்கிற கடலாப் போட்டா பாக்க நல்லாருக்கும்” என்றார் இன்னொருவர்.

“வெயிலடிக்கிற கடலுக்கு மாதா எதுக்கு?”

தூரிகையைக் கழுவியபடி அவள், சவேரியார் கடைசியாகக் கடலுக்குப் போன காலையை நினைத்தாள். மேகத்தைக் காட்டித் தடுத்தபோது, “அதையும் வரைஞ்சு வையி, வந்து பாக்குறேன்” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டினாள், பிடிவாதத்தையும் சேர்த்துத்தான். கடல்மேல் அவளுக்குக் கோபமில்லை. அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எழுந்தது. பாயை அழித்தால் அவர் வேறொருவர் ஆகிவிடுவார். பழி தன் கையிலேயே தங்கிவிடும்.

“யேசு, இவுகளுக்கு முன்னால சொல்லு. அன்னைக்குப் பாய் ஏறியிருந்துச்சா? இல்லைன்னு சொல்லு, இப்பவே அழிக்கிறேன்.”

யேசுதாஸ் படத்திலிருந்த பாயின் ஒட்டுத்துணியையே வெகுநேரம் பார்த்தான். அந்த ஒட்டைத் தைத்தவன் அவன்.

“ஏறித்தான் இருந்துச்சு. ‘இறக்குண்ணே’ன்னு மூணு தடவை சொன்னேன். சிரிச்சாரு.”

“இதை அப்பவே சொல்லியிருந்தா என்ன?”

“செத்தவரைப் போயி எப்படி மதினி…”

“உசுரோட இருக்கவளைச் சொல்லலாமாக்கும்.”



கூட்டம் மேலும் அரைமணி நேரம் நடந்தது. துணியை மாற்றமின்றிச் சப்பரத்தில் கட்டுவது என்றும், வலக்கீழ் மூலையில் லூர்து மேரி என்ற பெயரை எழுதுவது என்றும் முடிவாயிற்று. பெயர் வேண்டாம் என்று இருவர் கூறியது ஏற்கப்படவில்லை. தன் புது வல்லத்தின் அணியத்தில் மீன் வரையுமாறு யேசுதாஸ் அவளைக் கேட்டான். திங்கட்கிழமை பதில் சொல்வதாக அவள் கூறினாள்.