எண்ணெய் டின்னோடு நின்ற மாப்பிள்ளை

ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டு யூஜினிக்கு ஒரு தம்பி, அகஸ்ரின். அவன் செய்யும் வேலையை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. நகரத்துக்கு வெளியே பழைய கம்பளி ஆலையொன்றைக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். இவன் அங்கே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய தொழிலாளி போல உடுத்துக்கொண்டு நீராவி எஞ்சின் ஓட்டுவான். சனம் டிக்கற் எடுத்து வந்து பார்க்கும். மற்றவர்களின் தம்பிமார் பக்ரறியில் வேலை செய்கிறார்கள். இவன் பக்ரறியில் வேலை செய்கிற மாதிரிச் செய்கிறான்.

இவனுக்கு மன்னாரைச் சேர்ந்த நிரோஷினியைப் பேசியிருந்தார்கள். பெண்ணும் தகப்பன் அமிர்தநாதரும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் இருந்தார்கள். அவர்கள் மாப்பிள்ளையின் படம் கேட்க, யூஜினி வீட்டில் இருந்ததிலேயே வடிவானதை அனுப்பிவிட்டாள். வெயிஸ்ற்கோட், தொப்பி, கையில் எண்ணெய் டின், பின்னால் எஞ்சின். தம்பி துரை மாதிரி இருக்கிறானாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு போன் அடித்தது. நான் சீனி கேட்கப் போயிருந்தேன். என் வீட்டில் சீனி இல்லாமலில்லை. யூஜினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, படம் கிடைச்சுது," என்றார் அமிர்தநாதர். "பின்னுக்கு லாம்பு தொங்குது. உங்கையும் கறன்ற் இல்லையோ?"

"இருக்குது ஐயா. அது அந்தக் காலம்."

"எந்தக் காலம்? போன மாசம் எடுத்த படமெண்டல்லோ சொன்னனீங்கள்?"

யூஜினி உள்ளே இருந்த தம்பிக்குக் கைகாட்டினாள்.

"சரி, உது கிடக்கட்டும். வெறுங்காலோடை, முகமெல்லாம் கரியா மூண்டு பிள்ளையள் நிக்குதுகள். உதுகள் ஆற்றை, தம்பியின்ரையோ?"

அதுவரை அந்தப் பிள்ளைகளை நாங்கள் ஒருவருமே கவனிக்கவில்லை. அகஸ்ரின் பாய்ந்து வந்தான்.

"ஐயா, அதுகள் பள்ளிக்கூடப் பிள்ளையள். அந்தக் காலத்திலை பிள்ளையளும் ஆலையிலை வேலை செய்தவை. அதைப் பழக வந்ததுகள்."

"வேலை பழகவோ?"

"இல்லை, கஷ்டம் பழக."

"கஷ்டத்தைக் காசு குடுத்துப் பழகுகினமோ? எங்கடை ஊருக்கு அனுப்பும் தம்பி, சும்மாவே காட்டிவிடுறம்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அகஸ்ரின் சோபாவில் அப்படியே இருந்துவிட்டான். நிரோஷினியோடு ஒரேயொரு முறைதான் கதைத்திருந்தான். ஆனாலும் அவள் படம் அவனுடைய பேர்சுக்குள் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பாவம் பார்த்து நான்தான் முன்னின்று இரண்டாவது படம் எடுப்பித்தேன். என் மகன் கீதனின் கோட், என் மனுஷனின் புதுக் கார். கோட் தோளால் வழிந்தது. சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவன் போலக் கார்க் கதவில் கை வைத்தான். கொழும்புக்குப் போன ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த போன் வந்தபோதும் எனக்குச் சீனி தேவைப்பட்டது.

"தம்பி, இப்பதான் எனக்குச் சரியாத் தலை சுத்துது," என்றார் அமிர்தநாதர். "முதல் படத்திலை உடுப்பு உமக்கெண்டே தைச்ச மாதிரி. இதிலை கோட்டுக்குள்ளை ஆளைத் தேட வேண்டிக் கிடக்கு. எது நடிப்பு?"

யூஜினி தம்பியின் கையைக் கிள்ளினாள். அவன் என்னைப் பார்த்தான், யன்னலால் எங்கள் காரைப் பார்த்தான்.

"ரெண்டாவது, ஐயா. கார் பக்கத்து வீட்டு பேபி அக்கான்ரை மனுசன்ரை. கோட் அவையின்ரை பொடியன்ரை."

அந்தப் பேபி அக்கா நான்தான். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. நிரோஷினி.

"அந்த மெஷின் உண்மையா ஓடுமோ?"

"ஓடும்."

"ஆர் ஓட்டுறது?"

"நான்தான்."

"நிண்டுபோனா?"

"அதையும் நான்தான் திருத்திறது."

கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு அவள் சொல்வது தெளிவாகக் கேட்டது. "கார்ப் படத்தைத் திருப்பி அனுப்புங்கோ அப்பா. மற்றது என்னட்டை இருக்கட்டும்."

புதுக் கார் ஐயா! அதற்காக நான் மெழுகெல்லாம் பூசியிருந்தேன். இந்தப் பெண் எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

அமிர்தநாதர் பெருமூச்சு விட்டார். "சரி தம்பி, எங்களுக்குச் சம்மதம். கலியாணத்துக்கு எந்தக் காலத்து உடுப்போடை வாறீர் எண்டு மட்டும் முதலே சொல்லிப்போடும்."

அகஸ்ரின் உண்மையாகவே யோசித்தான்.