புதுக் காயிலில் ஒரு துளை

காரின் கூலிங் காயில் புத்தம் புதியது. மாட்டி ஒரு மாதம் ஜில்லென்று காற்று வந்தது. பிறகு வெதுவெதுப்பு, அதற்கும் பிறகு வெறும் விசிறிக் காற்று. பழைய காயிலாவது வருடக்கணக்கில் உழைத்து, வெள்ளைப் பொடி பூத்து, அரித்து ஓட்டையானது. அதில் ஒரு நியாயம் இருந்தது. புதியது எப்படி ஓட்டையாகும்? எவ்வளவு யோசித்தும் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

ஓட்டை காயிலில்தான் என்பதில் சந்தேகமில்லை. அதை மாட்டியவன் அவளுடைய தம்பி, கார் ஏசி மெக்கானிக். கேஸ் ஏற்றும்போதே கொஞ்சம் சாய எண்ணெயும் சேர்த்து விட்டிருந்தான். கேஸ் எங்கே கசிகிறதோ அங்கே சாயமும் வெளியே வரும், நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னும். அக்கா பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். செட் பல்லை ஒட்டும் பசையை இறுக வைக்கிற நீல விளக்கு ஒன்று எப்போதும் அவள் பையில் கிடக்கும். காற்று வெதுவெதுப்பான வாரமே காருக்கு அடியில் சொட்டிய தண்ணீரில் அதை அடித்துப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று மின்னியது. அந்தத் தண்ணீர் காயிலின் மேல் படிந்து வடிவது. வேறு எங்கும் சாயம் இல்லை.

அவள் கணவர் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். தெருவில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் கேக் மாமா. கிரீம் உருகாமல் போய்ச் சேர ஏசி வேண்டும். ஏசி கைவிட்ட அன்று ஒரு பிறந்தநாள் கேக் பாதி வழியிலேயே முகம் தொங்கி, எழுதியிருந்த பெயர் வழிந்து, யாருடைய பிறந்தநாள் என்றே தெரியாத நிலையில் போய் இறங்கியது. கேக் மாமா கொதித்துப்போய், தம்பி வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் ஓனருக்கு ஃபோன் போட்டார்.

"உங்க ஆளு பழசக் கழுவிப் புதுசுன்னு எங்க தலையில கட்டிட்டான் சார்!"

ஓனர் நிதானமானவர். "ஃபோன அவன் அக்காகிட்ட குடுங்க" என்றார். "ஏம்மா, அவன் அப்படிச் செய்யிற ஆளா?"

அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அவன் கொஞ்சம் அவசரக்காரன்தான் சார்."

மறுநாளே தம்பியை ஏசி வேலையிலிருந்து எடுத்து, டயர் கழற்றும் மூலைக்கு அனுப்பிவிட்டார் ஓனர். அதன் பிறகு அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் ஃபோனையும் எடுப்பதில்லை. அந்த ஒரு வாக்கியம் அக்காவின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

வேறொருவரிடம் காரைக் கொடுக்க மனம் வராமல், இன்னொரு புதுக் காயில் வாங்கித் தானே மாற்றுவது என்று அவள் முடிவு செய்தாள். தம்பி முதல் தடவை செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான். விடுமுறை நாள் காலையில் கார் கதவுகளை விரியத் திறந்து போட்டு, பழைய போர்வையை விரித்து, ஸ்பேனர்களை லேபில் கருவிகளை அடுக்குவது போல வரிசையாக வைத்தாள். டார்ச் பிடிக்கும் பொறுப்பு கேக் மாமாவுக்கு.

"இதுக்குள்ள என்னதான் நடக்குது? எனக்கும் புரியுற மாதிரி சொல்லு" என்றார் அவர்.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி நர்ஸ் பஞ்சுல ஸ்பிரிட் தடவுவாங்கல்ல, அப்ப கை ஏன் ஜில்லுங்குது?"

"பயத்துல."

"அது உங்களுக்கு. ஸ்பிரிட் ஆவியாகுது. ஆவியாகணும்னா சூடு வேணும், அத உங்க கையிலேருந்து எடுத்துக்குது. இந்தக் காயிலுக்குள்ளயும் அதேதான். கேஸ் தண்ணி மாதிரி உள்ள வரும், வந்ததும் ஆவியாகும், அதுக்கு வேண்டிய சூட்ட மேல ஊதுற காத்துலேருந்து எடுத்துக்கும். சூடு போன காத்து நம்ம மூஞ்சில அடிக்குது. ஏசி குளிர்ச்சியத் தர்றதில்லைங்க. சூட்டத் தூக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்."

"அப்ப உன் தம்பி மாதிரி. தூக்கிட்டுப் போறதுல கெட்டிக்காரன்."

அக்கா பேட்டரி ஒயரைக் கழற்றினாள். குளோவ் பாக்ஸை எடுத்தாள். அதற்குப் பின்னால்தான் காயில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. பானெட்டுக்குள் போய், பெட்டியோடு சேரும் இரண்டு அலுமினியக் குழாய்களை விடுவித்தாள். உள்ளே கேஸ் இருந்தால் இதைத் தொடவே கூடாது, சீறிக்கொண்டு வந்து தோலைப் பொசுக்கிவிடும். முதலில் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்தக் காரில் அந்தக் கவலை இல்லை. உறிஞ்சுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அவன் மாட்டினதுல ஸ்க்ரூவெல்லாம் இருக்கா? இல்ல, பாதிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டானா?"

"எல்லாம் இருக்கு."

எல்லாமே இருந்தது. பெட்டியின் எந்த மூலையிலும் ஒரு ஸ்க்ரூ குறையவில்லை. குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையங்கள் எண்ணெய் தடவி, முறுக்கின்றி உட்கார்ந்திருந்தன. குளிரை அளக்கும் சென்சார் ஒயர், எந்தத் தகடுகளுக்கு நடுவே இருக்க வேண்டுமோ அங்கேயே செருகியிருந்தது. தண்ணீர் வடியும் குழாய் வளையாமல் மடங்காமல் இறங்கியது. அவசரக்காரன் செய்த வேலை இப்படி இருக்காது என்று அக்காவின் கைக்கே தெரிந்தது. பெட்டியைப் பிரித்துக் காயிலை வெளியே இழுத்தபோது, அதன் பக்கவாட்டில் கம்பெனி ஸ்டிக்கர் முனைகூட உரியாமல் பளிச்சென்று ஒட்டியிருந்தது.

"புதுசுதாங்க" என்றாள். "பழசு இல்ல."

"ஸ்டிக்கர் ஒட்ட அவனுக்குத் தெரியாதா என்ன?" என்றார் கேக் மாமா. ஆனாலும் குரலில் பழைய சுருதி இல்லை.

அக்கா நீல விளக்கைக் காயிலின் மேல் மெதுவாக நகர்த்தினாள். ஒரே ஓர் இடத்தில், கீழ்ப்புறம் வலது ஓரத்தில், சாயம் திட்டாக மின்னியது. துடைத்துப் பார்த்தாள். அரித்த ஓட்டை என்றால் சுற்றிலும் வெள்ளையாகப் பொரபொரவென்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. மெல்லிய தகடுகள் ஒதுங்கிக் கிடக்க, நடுவில் உள்ள குழாயில் கண்ணாடி போல் பளபளக்கும் சின்னக் குழி, அதன் அடியில் ஊசித் துளை. தினமும் லேபில் செட் பல்லைத் தேய்த்து மெருகேற்றுபவளுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. எதுவோ ஒன்று உரசி உரசி ஏற்படுத்திய குழி அது.

உரசியது எது? காலிப் பெட்டிக்குள் கையை விட்டு, அந்தக் குழிக்கு நேரான சுவரைத் தடவினாள்.

"ஸ்ஸ்!"

"என்ன, கடிச்சிருச்சா? உன் தம்பி உள்ள எதயாவது வளக்குறானா?"

விரல் நுனியில் ரத்தம் முத்தாக எழும்பியது. பெட்டிச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு வெளியே, முன் இருக்கையில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேராக என்ன இருக்கிறது என்று அக்கா பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தாள். கொக்கி. கேக் பை சாயாமல் தொங்குவதற்காக, தம்பி காயில் மாட்டிப் போன அடுத்த வாரம் அவளே டாஷ்போர்டுப் பேனலில் போட்ட கொக்கி. வீட்டில் கிடந்ததிலேயே நீளமான ஸ்க்ரூவைத் தேடி எடுத்து, "நீளமா இருந்தாதான் பிடிச்சு நிக்கும்" என்று சொல்லி முறுக்கியது அவள்தான். அன்றைக்கு அது கடைசிச் சுற்றில் கொஞ்சம் இறுகியது. நன்றாகப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். பிடித்தது பெட்டியின் சுவர்.

ஒரேயடியாகக் குத்தியிருந்தால் அப்போதே சீறியிருக்கும், குட்டு வெளிப்பட்டிருக்கும். ஸ்க்ரூ குத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. வண்டி குலுங்கக் குலுங்க, பையின் பாரத்தில் கொக்கி ஆட ஆட, முனை அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அதற்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. இத்தனை நாள் புரியாத கணக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரியாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"டார்ச்ச அணைங்க, கண்ணு கூசுது" என்றாள். உண்மையில் அவளுக்கு முகத்தை மறைக்க வேண்டியிருந்தது.

லேபிலிருந்து எடுத்து வந்த சின்ன வெட்டு மெஷின் போர்வையில் கிடந்தது. செட் பல்லின் கம்பியை நறுக்குவது. பெட்டிக்குள் நுழைத்து அந்த முனையை மட்டும் நறுக்கிவிட்டால் ஒரு நிமிட வேலை. கொக்கி இருந்த இடத்தில் இருக்கும், புதுக் காயில் பத்திரமாக இருக்கும், ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது. கை மெஷினைத் தொட்டும் விட்டது.

"இந்தத் தடவ பாரு, கல்லு மாதிரி நிக்கும்" என்றார் கேக் மாமா, கால் மரத்துப்போய் இடம் மாறி உட்கார்ந்தபடி. "நின்னதும் நானே அந்த ஓனருக்கு ஃபோன் பண்றேன். பல்லுக் கட்டுற என் பொண்டாட்டி மாட்டினது நிக்குது, உங்க மெக்கானிக் மாட்டினது நிக்கலன்னு சொல்றேன்."

அக்காவின் கை நின்றது. இந்தக் காயில் எத்தனை வருடம் குளிர்கிறதோ, அத்தனை வருடமும் அது தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அவள் மாட்டியது நின்றது, அவன் மாட்டியது நிற்கவில்லை. நன்றாக வேலை செய்யச் செய்ய அவன் தலை இன்னும் குனியும்.

"ஏங்க" என்றாள். "டார்ச்சப் போடுங்க. இங்க, உள்ள காட்டுங்க."

அவர் குனிந்து பார்த்தார். வெளியே கொக்கியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இது நம்ம கொக்கி ஸ்க்ரூல்ல?"

"நம்மது இல்ல. என்னுது."

கேக் மாமா டார்ச்சைக் கீழே வைத்தார். "ஐயோ, நான் வேற அந்த ஆளுகிட்ட..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

கொக்கியைக் கழற்றி, அதையும் ஸ்க்ரூவையும் தன் பையில் போட்டுக்கொண்டாள். புதுக் காயிலை உட்கார வைத்து, வளையங்களுக்கு எண்ணெய் தடவி, தம்பி செய்தது போலவே ஒவ்வொன்றாக மூடினாள். பெட்டிச் சுவரில் இருந்த துளையைப் பசை வைத்து அடைத்தாள். கேஸ் ஏற்ற மெஷின் வேண்டும். அதற்கு எந்த ஒர்க்‌ஷாப் என்று கேக் மாமா கேட்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வியர்த்து வடிய, தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கே போய்ச் சேர்ந்தார்கள். விடுமுறையானாலும் அங்கே அரை நாள் வேலை நடந்துகொண்டிருந்தது.

தம்பி மூலையில் டயர் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் இன்னும் கவனமாகக் குமிழி பார்த்தான். அக்கா நேராக ஓனரிடம் போய், ஓட்டையான காயிலையும் ஸ்க்ரூவையும் மேஜை மேல் வைத்தாள்.

"சார், அவன் புதுசத்தான் மாட்டியிருக்கான். ஒழுங்காத்தான் மாட்டியிருக்கான். ஓட்டை போட்டது நான். இந்த ஸ்க்ரூதான். அவன் அவசரக்காரன்னு சொன்னேன்ல, அது பொய்."

ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். ஓனர் ஸ்க்ரூவைத் துளைக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டார். அவன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, ஸ்க்ரூவை வாங்கி உருட்டிப் பார்த்தான்.

"இது எந்தச் செவுத்துக்கு வாங்கினது? வாட்டர் டேங்க் மாட்டவா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"மாப்ள, தப்பு என்மேல" என்றார் கேக் மாமா.

"விடுங்க மாமா. உங்களுக்குக் கேக்குதான் தெரியும்" என்றவன் அக்காவைப் பார்த்தான். "உனக்கு என் வேல தெரியும்லக்கா?"

தெரியும். தெரிந்தேதான் அன்றைக்கு அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"டேய், டயர வேற ஆளுகிட்ட குடு. மெஷின எடு" என்றார் ஓனர்.

தம்பி மெஷினை மாட்டிக் குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தான். கசிவு இருந்தால் மெஷினின் முள் நகரும்; அது அசையாமல் நிற்கிறதா என்று நெடுநேரம் காத்திருந்தான். அவசரமே படவில்லை. முள் நின்றது. கேஸ் ஏற்றினான். ஜன்னலை மூடச் சொல்லி, காற்று வரும் வாயில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

"கொக்கி எங்க?"

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் தன் டப்பாவைக் கிளறி, ஒரு குட்டை ஸ்க்ரூவை எடுத்து, அடியில் வாஷர் வைத்து, பேனலில் இருந்த அதே துளையில் முறுக்கினான். அந்த ஸ்க்ரூ பேனலைத் தாண்டி ஒரு நூலளவுதான் உள்ளே நீளும். அதன் முனைக்கும் காயில் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய்வரும். இப்போதும் கேக் பை அதே கொக்கியில்தான் தொங்குகிறது. கேஸ் இறங்கவில்லை.