பாதாம் மாவில் ஒரு பூமி

போன வாரம் எட்னா எரிமலை சாம்பலைக் கொட்டியதிலிருந்து திந்தாரா வகுப்பில் காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை. நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொள்வாள். கேட்டால், "கீழ முழுக்க நெருப்புக் குழம்பு டீச்சர். நாம மேல மிதக்கிறோம்" என்பாள். இன்றைக்கு இவள் பயத்தைப் போக்கியே தீருவது என்றுதான் வெனேரா டீச்சர் பாதாம் மாவு பிசைந்து எடுத்து வந்திருந்தாள்.

நடுவில் ஒரு பிஸ்தா, அது பூமியின் உட்கருவம். சுற்றிலும் துளி தேன், வெளிக்கருவம். அதன்மேல் கனமாகப் பாதாம் மாவு, அதுதான் கவசம். கடைசியாக மெல்லிய சாக்லேட் மேலோடு. பலகையில் படம் வரைந்துவிட்டுத் திரும்பினால், பிள்ளைகள் பிடித்த உருண்டைகளில் பாதியில் ஸ்ட்ராபெரி ஜாம் வழிகிறது.

"யாருடா ஜாம் ஊத்தினது?"

"நான்தான்," என்றான் நுன்சியோ. "உள்ள நெருப்பில்லாம மலைக்குச் சாம்பல் எங்கேருந்து வரும்? எங்க மாமா திராட்சைத் தோட்டத்தையே மூடிச்சே!"

"கவசம் கல்லுடா! கெட்டிக் கல்லு. மெதுவா நகரும், அவ்வளவுதான்."

"அப்போ தேன் ஏன் ஓடுது?"

"அது உருகின இரும்பு. எங்கேயோ ஆழத்துல கிடக்கு. எட்னாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அய்யோ, ரெண்டு நெருப்பா?" திந்தாரா கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெனேராவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜாம் படாத மாவை எடுத்துத் திந்தாராவிடம் நீட்டினாள்.

"நல்லா அழுத்திப் பிசைடி."

பிசைந்தாள். "எண்ணெய் கசியுது டீச்சர்."

"மாவு உருகிடுச்சா?"

"இல்ல."

"கல்லும் அப்படித்தான். மேல ஏறி வர்ற இடத்துல அழுத்தம் குறையும். கொஞ்சூண்டு உருகிக் கசியும். மத்ததெல்லாம் கெட்டி."

"டீச்சர், இவ அழுத்தினதாலதானே எண்ணெய் வந்துச்சு?" என்றான் நுன்சியோ.

சனியன், சரியாகத்தான் கேட்கிறான். வெனேரா பல்லைக் கடித்தாள். "உவமைனா எல்லாத்துலயும் ஒத்துப்போகாதுடா. கசியறதை மட்டும் பாரு."

திந்தாரா உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மினுமினுப்பாக ஒரு பூச்சு, அவ்வளவே.

"இவ்வளவுதானா டீச்சர்?"

"இவ்வளவேதான்!"

"ஆனா, அது எங்க வீட்டுப் பக்கமாத்தானே கசியுது?"

பொய் சொல்ல வெனேராவுக்கு வாய் வரவில்லை. "ஆமாடி," என்றாள்.