வாளியில் கிடந்த கல்

சித்தப்பா வாளியைச் சாய்க்கப் போனார். அண்ணன் மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“கொட்டாதீங்க சித்தப்பா!”

“வந்தவங்க கை கழுவ ஒரு வாளி இல்ல. உள்ள என்ன, கல்லா?”

“அப்பா நேத்து போட்டது.”

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பால் கவரையும் கிழிந்த பைகளையும் உருக்கி, நெல் உமி கலந்து, அச்சில் அழுத்திக் கல் செய்துகொண்டிருந்தார். மலிவாகச் சுவர் எழுப்பலாம் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கல்லோ தண்ணீர் குடித்தது. ஒரு நாள் ஊறினால் உப்பி, ஓரம் பிளந்துவிடும். வீட்டில் வாளிக்குப் பஞ்சம் வந்ததுதான் மிச்சம்.

“இதுவும் உப்பியிருந்தா ஷெட்டைக் காலி பண்ணிடலாம்மா,” என்றார் சித்தப்பா.

“இன்னிக்கே பேசணுமா?”

“ஒரு கல்லு தேறியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?”

அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இந்தத் தடவை ஒண்ணு மாத்தியிருக்கேன். என்னன்னு நாளைக்குச் சொல்றேன்,” என்று நேற்று அப்பா கண்ணடித்திருந்தார். அழ வேண்டிய நேரத்தில் கல்லைப் பற்றி யோசிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வாளிக்குள் கைவிட்டாள். ஓரங்கள் கூராகவே இருந்தன. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஈரமே இல்லை. லேசாக ஒரு தீய்ந்த வாசனை மட்டும் வந்தது.

“அம்மா, இதை மோந்து பாரேன்.”

அம்மா மோந்தாள். முகம் மாறியது. “என் வாணலி!” என்று ஷெட்டுக்கு ஓடினாள்.

அச்சு இயந்திரத்துக்குப் பின்னால், அடுப்பின் மேல் கிடந்தது வாணலி. அடியில் கருகிய உமி ஒட்டியிருந்தது.

“வறுத்திருக்காரும்மா! உமியில ஈரம் போக வறுத்துட்டுக் கலந்திருக்காரு!”

“நேத்து என்ன திட்டு திட்டினேன் தெரியுமா? எடுக்கவே இல்லைன்னு சாதிச்சாரே மனுஷன்!” அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

சித்தப்பா அறுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷெட்டைப் பற்றி அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அம்மா வாணலியைத் தேய்த்துக் கழுவினாள். சமையலறைக்குத்தான் கொண்டுபோவாள் என்று மகள் நினைத்தாள். அம்மா அதை முந்தானையால் துடைத்து, ஷெட் அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.