மிச்சமான இரண்டு மணி நேரம்

...இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம் என்றான் கம்பெனி விளம்பர வீடியோ எடுக்க வந்த கேமராக்காரன், சிரித்தாள், வேலை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைந்ததில் குடும்பத்தோடு நிறைய நேரம் கிடைக்கிறது என்று எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள், பிரமாதம் மேடம் என்றான், பேருந்தில் உட்கார்ந்த பிறகும் கன்னம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது... யாருடைய நேரம், யாருக்குக் கிடைத்தது? பார்சல் உடைந்து வந்தது, பார்சல் வரவேயில்லை, பிரித்தால் உள்ளே வேறு யாருடைய செருப்போ இருந்தது என்று வருகிற புகார்கள் குறையவில்லை, அவற்றுக்குப் பதில் சொல்கிற நேரம்தான் குறைந்தது, ஒரு கையில் சாப்பாடு, மறு கையில் கீபோர்டு. பக்கத்து மேஜைக்காரி முன்பெல்லாம் டீக்கு எழுந்தால் மேலாளர் மாதிரியே நடந்து காட்டி வயிறு நோகச் சிரிக்க வைப்பாள், இப்போது அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது, போன வாரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, சளியா அழுகையா என்று திரும்பிக் கேட்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது, அப்புறம் கேட்கவேயில்லை. உற்பத்தித்திறன் கூடிவிட்டதாம், மேலாளர் திரையில் கோடு போட்டுக் காட்டினார், கோடு மேலே மேலே ஏறிப் போனது, எல்லாரும் கை தட்டினார்கள், அவளும்தான்.

முதல் நாள் சீக்கிரம் கிளம்பியபோது எவ்வளவு ஆசை, ஒன்றும் பெரிதாக இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கே கணவன் ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னான், "நீதான் சீக்கிரம் வந்துடுறியே, அப்பாவப் பாத்துக்க வேலைக்கு வர்ற அம்மாவ நாலரைக்கே கிளம்பச் சொல்லிட்டேன்." பக்கவாதத்தில் படுத்த மாமனாரைத் திருப்பிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதும் அவள் கைக்கு வந்தன, அப்புறம் மகளின் டியூஷன் நின்றது, நீயே சொல்லிக் குடுத்துடேன், அப்புறம் நாத்தனார், "அண்ணி, சும்மாதானே இருப்பீங்க, குட்டிய விட்டுட்டுப் போறேன்"... சும்மா! கணவன் அலுவலகத்திலும்தான் அதே மாதம் நேரத்தைக் குறைத்தார்கள், அவனுடைய இரண்டு மணி நேரம் நேராகப் பேட்மிண்டன் ஆடப் போய்விட்டது, உடம்பப் பாத்துக்கணும்ல என்றான், ஆமா, பாத்துக்கங்க என்று சொன்னது யார், இந்த வாய்தானே, அன்றைக்கு ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தது?

அந்த எரிச்சலில்தான் இன்றைக்குப் படப்பிடிப்பு முடிந்த கையோடு பணியாளர் பிரிவு அதிகாரியின் அறைக்குள் போய் நின்றாள். "எனக்கு மட்டும் பழைய நேரமே குடுத்துடுங்க மேடம்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" "பிரச்சினையெல்லாம் இல்ல மேடம்... வீடுதான்." சிரிப்பாள் என்று நினைத்தாள், அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு மாத்திக் குடுக்க முடியாதும்மா, இப்பதான் வீடியோவுல வேற பேசியிருக்கீங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் மட்டும் நேரத்துக்கு வீட்டுக்குப் போறேன்னு நினைக்கிறீங்களா? எல்லாரும் கிளம்பினப்புறம் லைட்ட அணைச்சிட்டு இங்கயேதான் உக்காந்திருப்பேன். ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா உக்காந்திருப்பேன். வெளிய சொல்லிடாதீங்க... நாளைக்கு வேணும்னா நீங்களும் வாங்க." இவ்வளவு பெரிய அதிகாரி, இருட்டில், தன் நாற்காலியிலேயே ஒளிந்துகொண்டு...

வீட்டு வாசலில், மாமனாரைப் பார்த்துக்கொள்கிற அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றிருந்தாள். நாளைக்கு மட்டும் ஆறரை வரைக்கும் இருக்கீங்களாக்கா என்று இவள் கேட்டாள். "முடியாதும்மா, நாலரைக்கு மேல வேற வீடு பிடிச்சிட்டேன், நீங்க வேணாம்னீங்க, நான் என்ன பண்றது?" போய்விட்டாள், அவளும் ஒரு நாளைக்குள் இன்னொரு நாளைத் திணித்துக்கொண்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவனுக்குப் போன் செய்தாள், நாளைக்கு ஆபீஸ்ல வேல இருக்கு, லேட்டாகும், பொய் இவ்வளவு லேசாக வருமா? "ஐயோ, நாளைக்கு எனக்கு மேட்ச் இருக்கே," என்றான், பின்னால் இறகுப்பந்தடிக்கிற சத்தம், "அப்ப அப்பாவ யாரு பாப்பாங்க?" தெரியல என்றாள், போனை வைத்துவிட்டாள், கட்டிலிலிருந்து மாமனார் வாயைத் திறந்து தண்ணீர் கேட்டார், பாவம் அந்த மனிதர், அவர் என்ன செய்வார், தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் புகட்டினாள். மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போல, பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவே நாளைக்கு லேட்டா வருவியாம்மா?"

"ஆமா. ஏன்டி?"

"முன்னல்லாம் லேட்டா வந்து என்கூடப் பேசிட்டே இருப்பல்ல... இப்ப சீக்கிரம் வந்து திட்டிட்டே இருக்க."

மகள் சொன்னதில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை, முகத்தில் வெளிச்சம்தான் இருந்தது, எத்தனையோ நாளாக அவள் பார்க்காத வெளிச்சம், நாளைக்கு அம்மா வீட்டில் இருக்க மாட்டாள் என்பதால் வந்தது.