முப்பது எண்ணுவதற்குள்

அந்தப் போர்க்கப்பலுக்குப் புதிதாக வந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் கதவு வாத்தியார். சங்கு ஊதியதும் முப்பது எண்ணுவதற்குள் கீழ்த்தளத்து இரும்புக் கதவுகளை இறுகச் சாத்திவிட வேண்டும். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த அறையோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஒரு கும்பலைத் தேற்றி முடிப்பதற்குள் அதைப் பிடுங்கிச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த கும்பல் திருதிருவென்று விழித்துக்கொண்டு வந்து நிற்கும். மூன்று மாதப் பயிற்சி இப்போது ஒன்பது நாளாகச் சுருங்கியிருந்தது. போதாக்குறைக்கு இந்தக் கும்பலில் அவருடைய மச்சினனும் இருந்தான். மனைவி அழுது தீர்த்து, தம்பியை இவர் கையில் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

எட்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் சங்கை ஊதச் சொன்னார். தட்டும் கையுமாக ஓடினார்கள். முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது, கடைசிக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. நான்கு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பத்திரண்டில் மச்சினன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தான்.

ஏன் சாத்தவில்லை என்று கேட்டதற்கு ஒருவன் தலையைச் சொறிந்தான்.

"உங்க மச்சினன் சார். அவன் மூஞ்சியில எப்படி சார் சாத்துறது?"

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு நாள் காட்டுக் கத்தல் கத்தியது இந்த மரியாதையை வாங்கத்தானா? தண்ணீர் உறவு பார்த்தா வரும் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். இவனுக்காகக் காத்திருந்தால் கப்பலோடு எல்லாரும் போகவேண்டியதுதான் என்றார். இவர்கள் தேறிவிட்டார்கள் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் மாலை கப்பல் இவர்களோடு சண்டைக்குக் கிளம்பும்; அவர் அடுத்த கும்பலுக்காகக் கரையில் இறங்கிவிடுவார்.

மறுநாள் காலை மறுபடியும் ஊதச் சொன்னார். இருபத்தெட்டில் கடைசிக் கதவும் இறுகச் சாத்தியாகிவிட்டது. எண்ணிப் பார்த்தார், ஓர் ஆள் குறைந்தது. அப்புறம்தான் வெளியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இரும்பைத் தாண்டி மெல்லிய குரல் வந்தது.

"மாமா, நான்தான். திறக்கச் சொல்லுங்க மாமா."

பிடியை அழுத்திக்கொண்டிருந்த அதே நால்வரும் அவரைப் பார்த்தார்கள்.

"திறக்கட்டுமா சார்?"

சாத்திய கதவைப் பத்து நிமிடம் தொடக்கூடாது என்பது அவரே போட்ட விதி. இப்போது திறந்தால் ஒன்பது நாளும் குப்பைக்குத்தான்.

"பத்து நிமிஷம் ஆகட்டும்."

தட்டல் நிற்கவில்லை. திட்ட ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் அவர் தேர்ச்சித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது? உன் தம்பியை வெளியே விட்டுச் சாத்தும் அளவுக்கு நான்கு பேரைத் தேற்றிவிட்டேன் என்றா?