எட்டாத ஒயர்

பெரிய கம்ப்யூட்டர் கேபினெட் என்றால் அதற்குள் வைக்கிற பவர் சப்ளையும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. அவர் காப்பீட்டு ஆபீஸில் வேலை பார்ப்பவர். தெரியாத விஷயத்தில்தான் அவருக்கு உறுதி அதிகம்.

"இடுப்பு உயரம் இருக்குடா இது. இதுக்குப் போய் எண்ணூத்தம்பது வாட்ஸ்ங்கறே. ஆயிரத்து ஐந்நூறாவது வேண்டாமா?"

"தகரம் கரண்ட் சாப்பிடாதுண்ணா" என்றான் தம்பி.

தம்பி கம்ப்யூட்டர் மெக்கானிக். பதினோரு வருஷமாக ஒரே கடையில் இருக்கிறான். ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினான். கிராபிக்ஸ் கார்டு முந்நூறு வாட்ஸ், பிராசஸர் இருநூறு, நாலு ஹார்ட் டிஸ்க், ஆறு காற்றாடி, எல்லாம் சேர்த்தாலும் அறுநூறைத் தாண்டாது. எண்ணூற்றைம்பது இருந்தால் மூச்சு வாங்காமல் ஓடும். அண்ணன் தலையை ஆட்டினார். புரிந்தது என்று அர்த்தமில்லை, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அண்ணிதான். "வாட்ஸ் சரி தம்பி. கேபினெட் இவ்வளவு பெரிசா இருக்கே, ஒயர் எல்லாம் எட்டுமா?"

"அதெல்லாம் டேப் வச்சு அளந்துட்டேன் அண்ணி."

அண்ணி வீட்டிலிருந்தே கார்ட்டூன் படம் வரைகிறவள். குழந்தைகளுக்கான குட்டிப் படங்கள். ஒவ்வொரு அசைவையும் தானே வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓட வைப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழு மாதம் உட்கார்ந்து பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்றை முடிக்கிற கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் படம் எரிந்துபோனது. எரித்தது இந்த மெக்கானிக். அது அவன் ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். அப்போதும் அவன்தான் புது பவர் சப்ளை வாங்கிப் பொருத்தினான். கழற்றி மாட்டுகிற ஒயர்கள் உள்ள வகை அது. புதுசை உள்ளே வைத்தவன், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பழைய ஒயரை மட்டும் கழற்றவில்லை. முன்பு அவனே அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்த ஒயர், அவிழ்க்கச் சோம்பல். பிளக் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தினால் போதுமா? பவர் சப்ளைப் பக்கத்து ஓட்டைகளில் எதில் எந்த மின்சாரம் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது அவனுக்குத் தெரியாததும் இல்லை. அன்றைக்கு மறந்துபோனான்.

அவன் சுவிட்சைப் போட்ட அதே நொடியில் அண்ணி அதே சுவிட்ச் பலகையில் இஸ்திரிப்பெட்டியைச் சொருகினாள். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. எல்லோரும் திரும்பி இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தார்கள். அவனும்தான் பார்த்தான். "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்" என்றான். அப்போது அதை நம்பித்தான் சொன்னான். படமும் போயிற்று, அதன் நகலும் போயிற்று. நகலையும் அதே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு டிஸ்க்கில்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கடையில் அந்த ஒயரை மீட்டரில் வைத்துப் பார்த்ததும்தான் எரித்தது அந்த ஒயர் என்று அவனுக்குத் தெரிந்தது. உடனே வந்து சொல்லியிருக்க வேண்டும். வந்தான். வாசலிலேயே அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வேலையையும் சேர்த்துக் கெடுத்துட்டேன் தம்பி, மன்னிச்சுக்கோ" என்று அழுதாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனான். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். நாளைக்கு என்பது மூன்று வருஷமாகிவிட்டது.

அந்த மூன்று வருஷத்தில் அண்ணி வரையவே இல்லை. கம்ப்யூட்டர் ஓடும்போது வீட்டில் யாரும் எந்த பிளக்கையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். அண்ணன் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போவதை ஊரே கேலி செய்தது. அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அண்ணிக்கு அதிகம் வலித்தது.

இப்போது ஒரு கம்பெனி ஆறு நிமிஷப் படம் கேட்டிருக்கிறது. மூன்று வருஷம் கழித்து முதல் வேலை. தயங்கித் தயங்கி வரைந்து டிஸ்க்கில் ஏற்றிவிட்டாள், ஆனால் அதை முழுப் படமாக ஓட்டப் பழைய கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை, புதுசு கட்ட வேண்டியிருந்தது. வெளியே நல்ல கடையாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். "நம்ம தம்பி இருக்கும்போது வெளியே எதுக்கு?" என்றுவிட்டாள் அண்ணி. அதைக் கேட்டபோது மெக்கானிக்குக் காதுகள் சுட்டன.

அவன் கடைக்கு அன்று வார விடுமுறை. அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அதே விடுமுறைதான். அண்ணன் கிளம்பிப் போனதும் அவன் கேபினெட்டைத் தரையில் படுக்கவைத்து வேலையை ஆரம்பித்தான். அண்ணி டார்ச் பிடித்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குள் எல்லாம் உட்கார்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. டிஸ்க் நாலும் முன்பக்கம் மேலே இருந்தன. பவர் சப்ளை பின்பக்கம் கீழே. இடையில் டேப்பை நேராகப் பிடித்து அளந்திருந்தான் இந்தப் புத்திசாலி. ஒயர் நேராகவா போகும்? தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் நுழைந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போகும். நாலு அங்குலம் எட்டவில்லை.

"நாளைக்குக் கடை திறந்ததும் நீளமா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி."

"நாளைக்கா? கம்ப்யூட்டர் ரெண்டு நாள் நிக்காம ஓடினாத்தானே படம் முழுசா வெளியே வரும். வெள்ளிக்கிழமை கொடுக்கணும் தம்பி. இன்னைக்குச் சாயங்காலமே ஓட விட்டாகணும்." அண்ணி எழுந்து அலமாரியைக் குடைந்தாள். பழைய பவர் சப்ளையின் அட்டைப்பெட்டியோடு வந்தாள். "இரு. இதுல ஒரு ஒயர் இருக்கு, இதைவிட நீளம்."

அவன் எதுவும் சொல்வதற்குள் குனிந்து சொருகியும் விட்டாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. மறுமுனை டிஸ்க்கைத் தாண்டி ஒரு சாண் மிச்சமாகத் தொங்கியது.

"பாத்தியா? இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"வேண்டாம் அண்ணி, கழட்டிடுங்க. அது வேற கம்பெனி."

"பொருந்துதே."

"பொருந்தும். ஆனா போடக்கூடாது. டிஸ்க்கைக் கீழே இறக்கி கேபினெட் அடித்தகட்டுலயே ஒட்டிக்கலாம். ஒரு மணி நேர வேலை."

"எதுக்குப்பா அவ்வளவு சிரமம்? என்ன ஆகிடும்னு நினைக்கறே?"

எங்கேயோ படித்தேன் என்று சொல்லலாம். கடைக்கு வந்த யாருக்கோ ஆயிற்று என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. அண்ணி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவனைத் தைரியப்படுத்துகிறாளாம்.

"பயப்படாதே தம்பி. இந்தத் தடவை அயர்ன் பாக்ஸ் இந்த ரூமுக்குள்ளயே வராது. மாடி வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு அயர்ன் பாக்ஸால எரியல அண்ணி. நான்தான். இதே மாதிரி பழைய ஒயரைக் கழட்டாம புதுசுல சொருகிட்டேன். நீங்க பிளக் போட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

டார்ச் அவள் கையில் எரிந்துகொண்டே இருந்தது. கேபினெட்டைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"மறுநாள் காலைல."

"மறுநாள் காலைல" என்றாள் அவளும், மெதுவாக. "நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அப்பவே தெரியும்."

"தெரியும் அண்ணி."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எரிச்சதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். கை தவறாத ஆளு யாரு? ஆனா பேப்பரை எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பார்த்து எனக்கே வெறுப்பா இருக்கும். எதைத் தொட்டாலும் கெடுத்துடுவேன்னு தோணும். மூணு வருஷம், தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது எனக்கு இல்ல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்போ பேசாதே. டிஸ்க்கை எப்படி இறக்கணுமோ இறக்கு. எனக்குச் சாயங்காலம் ஓடணும்."

இறக்கினான். தாங்கியைக் கழற்றி, டிஸ்க் நாலையும் கேபினெட்டின் அடித்தகட்டில் வரிசையாக வைத்து, தடித்த ஒட்டு நாடாவால் அசையாமல் ஒட்டினான். பார்க்க அழகாக இல்லை. புது ஒயர் தாராளமாக எட்டியது. முழு நேரமும் அண்ணி டார்ச் பிடித்தாள். அவன் கை போன இடமெல்லாம் வெளிச்சமும் கூடவே போயிற்று.

நாலு மணிக்குச் சுவிட்சைப் போட்டான். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. நாலும் திரையில் வந்தன. அண்ணி ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. படத்தை ஓடவிட்டு, அடுத்த மேஜையில் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் அண்ணி" என்றான்.

"எங்கே போறே? உங்க அண்ணன் ஆறு மணிக்கு வருவார். அவர் வர வரைக்கும் இரு." அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "நான் சொன்னா என் பழியை உன் மேல போடற மாதிரி இருக்கும். நீ சொல்லு."

"அண்ணா என்னை..."

"என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. என்னை மூணு வருஷமா ஒண்ணும் சொல்லாம இருந்தார் பாரு, அதைவிட நல்லதுதான்."

பையைக் கீழே வைத்தான். போகவும் முடியவில்லை, நாற்காலியில் உட்காரவும் மனசு வரவில்லை. சுவரோரம் நின்றான். அண்ணி வரைய ஆரம்பித்தாள். முதல் காகிதத்தைக் கசக்கிப் போட்டாள், இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதில் ஒரு குழந்தை நடக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரம் போயிற்று. அவனுக்குக் கால் கடுத்தது. அவள் ஒரு தடவைகூட அவன் பக்கம் பார்க்கவில்லை. ஐந்தரை மணி இருக்கும். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பே? உட்காரு, தம்பி."